ராஜி ஊரில் இல்லை

கல்லூரி பஸ்ஸின் முன்கண்ணாடியைக் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறபோது, ஒரு இடம் வந்ததும் முனிசாமிக்குக் கை நின்றுவிடும், வாய் ஆரம்பித்துவிடும். டிரைவர் சீட்டுக்கு எதிரே, அந்தக் கண்ணாடியின் மேல்பக்கத்தில் மகள் பேரைச் சிவப்பு ரேடியம் எழுத்தில் ஒட்டி வைத்திருந்தார்: சரிதா. நாலு வருஷத்துக்கு முன்னால் ரஹமத் பீவி வண்டியில் ஏறி, கேட்காமல் கொள்ளாமல் ஒரு ஸ்டிக்கரை அப்பினார். அது நேராகப் போய் ‘தா’ மேல் உட்கார்ந்தது. மிச்சம் நின்றது ‘சரி’. அன்றையிலிருந்து ஏறுகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ‘சரி அண்ணா’. மகளைக் கட்டிக்கொடுத்து ராயக்கோட்டைக்கு அனுப்பியும் ஆயிற்று. பேர் மட்டும் இன்னும் பாதியிலேயே நிற்கிறது.

போதாததற்கு ஸ்டிக்கர் தலைகீழ். பெண்களுக்கு உதவி வேண்டுமென்றால் கூப்பிடுகிற எண் அது, 181. எழுத்துகள் எல்லாம் கால் மேலே தலை கீழே தொங்கின. முனிசாமி எடுத்துச் சொன்னார். பீவி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“நம்பரப் பாருங்க டிரைவர்ண்ணா. நீங்க தலைகீழா நின்னு படிச்சாலும் நூத்தி எம்பத்தொண்ணுதான். அதுக்கு ஏது தல, ஏது காலு?”

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கும் அது நிஜம் என்று தெரிந்தது. கோபம் ஆறாததற்குக் காரணமே அதுதான்.

பீவிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஓசூர் பாகலூர் ரோட்டில் நைட்டி தைத்து விற்கிற சின்னக் கடை. வீட்டுக்காரர் கௌஸ் மொய்தீனுக்குப் பழைய இரும்பு வியாபாரம். கடை போடுவதற்கு முன்னால் பீவி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவர். எந்தப் பெண்ணுக்காவது ஒன்று என்றால் சூப்பர்வைசர் முன்னால் போய் இடுப்பில் கை வைக்கிற ஆள். கல்லூரியில் பெண்பிள்ளைகளின் புகாரை விசாரிக்க ஒரு குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது சட்டம். நைட்டிக் கடைக்காரம்மா டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கும். டீயைக் குடித்தார். பிஸ்கட்டையும் தின்றார். போகத்தான் இல்லை.

புதன்கிழமைதோறும் வருகிறார். பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கவில்லை. “புலி வாசல்ல கடை போட்டா எந்த ஆடு வரும்?” என்று பீவி தன் பையைத் தூக்கிக்கொண்டு, புங்கமரத்து நிழலில் நிற்கிற பஸ்ஸுக்கு வந்துவிட்டார். முன்சீட்டில் உட்கார்ந்து நைட்டிக்குக் கொக்கி தைப்பார். வண்டியில் எதையோ விட்டுவிட்டதைப் போலப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாய் வந்து ஏறுவார்கள். முனிசாமிக்கு மத்தியானம் படுத்துத் தூங்கிய இடமும் போயிற்று.

“டிரைவர்ண்ணா, போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“இப்பத்தாம்மா குடிச்சன்.”

“இன்னொண்ணு குடிங்க. ஒண்ணும் ஆவாது.”

வருகிறவளிடம் என்ன நடந்தது என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். கொக்கி தைத்தபடியே சொல்லுவார்: “இது ஸ்டாப்பு ஸ்டாப்பா நின்னு போற வண்டி கண்ணு. காலேஜு கமிட்டி ஒரு ஸ்டாப்பு. போலீசு ஒரு ஸ்டாப்பு. பெரியாஸ்பத்திரி ஒண்ணு. அந்த நம்பரு ஒண்ணு. எங்க வேணுமோ அங்க எறங்கு. எறங்காம சும்மா உக்காந்தும் வரலாம், யாரும் தள்ளிவுட மாட்டாங்க.” பெண்களின் பேர் அவருக்கு ஒன்றும் நிற்காது. எல்லாரும் கண்ணுதான். அதுவும் நல்லதுக்கு என்பார். “வூட்ல வாய் தவறி வராது பாருங்க.”

இன்னொரு பழக்கம், முறைப்பது. டிரைவர் தலைக்கு மேலே உள்பக்கம் நீளக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. கடைசி சீட்டுப் பையன்கள் அதில்தான் முன்சீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்ப்பார்கள். முதுகுதான் தெரியும், முகம் கண்ணாடியில் கிடைக்கும். பீவி அதை ஏறின முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். முன்சீட்டில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கண்ணாடிக்குள் பின்னால் இருக்கிறவன் கண்ணைத் தேடிப் பிடித்து முறைப்பார். அவன் போனை எடுத்துக் குனிகிற வரைக்கும் விடமாட்டார்.

கவிப்ரியா ஏறியது இந்தப் புதன்கிழமைதான். பாரூர்ப் பெண், இரண்டாம் வருஷம், ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முகத்தில் ஒரு பக்கம் துப்பட்டாவை இழுத்துப் போட்டிருந்தாள். முனிசாமி டீக்கு எழுந்தார். “அண்ணா இருக்கட்டும்,” என்றாள். ஏன் சொன்னாளோ, அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வருஷத்து ஹரீஷ்குமார் அவளைக் காரில் கூட்டிப்போய், அத்திப்பள்ளி தாண்டி நிறுத்தி, போனைப் பிடுங்கி, கன்னத்தில் மாறி மாறி அடித்திருக்கிறான். யாரிடமாவது சொன்னால் உன் போட்டோவை எல்லாருக்கும் அனுப்புவேன் என்றிருக்கிறான். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு அதோடு சரி, கரும்புக் காட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். இதை எல்லாம் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

“அது கர்நாடகாங்க. இங்க கேஸ் எடுக்க மாட்டாங்கன்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க.”

“கன்னம் உன்னுதுதான? அது எந்த ஸ்டேட்டுல இருக்குது இப்ப?” பீவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “எந்த ஸ்டேசன்ல குடுத்தாலும் வாங்கிக்கணும். அப்புறம் அவங்களே அந்தப் பக்கம் அனுப்பிக்கட்டும். பார்டர் அவங்களுக்கு. உனக்கில்ல.”

கவிப்ரியா புகாரை எழுதிக் கொடுத்ததும், மத்தியானம் குழு கூடும் என்று தகவல் வந்தது. அது பையன் வீட்டுக்கும் எட்டியிருக்கும்; அதற்குள் வெள்ளைக் கார் ஒன்று புங்கமரத்தடிக்கு வந்துவிட்டது. ஹரீஷ்குமாரின் பெரியப்பா நாராயணப்பன். நிலபுலம் உள்ள ஆள். ஆப்பிளும் சாத்துக்குடியும் அடுக்கிய தட்டோடு பஸ் படியில் ஏறினார்.

“பீவிம்மா, நல்லா இருக்கீங்களா? சின்னப் பசங்க. கை நீட்டிட்டான், தப்புதான். விட்டுத்தள்ளுங்க. ராஜி பண்ணி வுட்ருங்க. நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்.”

முனிசாமி சிரிக்கத் தயாரானார். ராஜி என்று சமரசம் பேச யார் வந்தாலும் பீவியிடம் ஒரே பதில் உண்டு: “ராஜி ஊர்ல இல்லிங்க. மாலூருக்குக் கட்டிக் குடுத்தாச்சு.” வந்தவர், எந்த ராஜி என்று முழிப்பார். இந்த முறை அந்தப் பதில் வரவில்லை.

“எங்க நிக்காஹ்வுல பொண்ணு இருக்கற ரூமுக்கே போயி, ராஜியா, சம்மதமான்னு அவளத்தான் கேப்பாங்க. அவ வாயால சொன்னாத்தான் மத்ததெல்லாம்,” என்றார் பீவி. “நீங்க எங்கிட்ட கேக்கறீங்க. அவன் என் கன்னத்துலயா அடிச்சான்?”

பிறகு ஊசியை நைட்டியில் குத்தி வைத்துவிட்டுத் திரும்பினார். “கண்ணு, உங்கிட்டத்தான். நீ ராஜியா?”

கவிப்ரியா பழத்தட்டைப் பார்த்தாள். ‘சரி’ என்று சொல்லிவிடுவாளோ என்று முனிசாமிக்குப் பயமாயிருந்தது.

“இல்லைங்க.”

“என்னம்மா?” நாராயணப்பனுக்குக் காதில் விழாதது போல் இருந்தது.

“நான் ராஜி இல்லைங்க.” இந்தத் தடவை மரத்தடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் பீவி. “ராஜி ஊர்ல இல்ல.”

நாராயணப்பன் வேகமாக இறங்கியதில் தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு சீட்டுக்கு அடியில் போயிற்று. முனிசாமி குனிந்து எடுத்து, ஜன்னல் வழியே நீட்டினார். “ஐயா, உங்குளுது.”

குழு கூடியது. விசாரணை முடிகிற வரைக்கும் ஹரீஷ்குமார் காலேஜுக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பரீட்சை எழுதலாம். போலீசுக்கும் போகவேண்டுமா என்று பீவி கேட்டதற்கு, “ரெண்டு ஸ்டாப்புலயும் எறங்கறங்க,” என்றாளாம். நாளைக் காலையில் அப்பாவும் பாரூரிலிருந்து வருகிறார். அவரிடமும் அவளே போனில் சொன்னாள். அவர், எந்த பஸ்ஸில் வந்தால் சீக்கிரம் வரலாம் என்று கேட்டாராம்.

சாயங்காலம் வண்டி நிறையக் கூட்டம். விஷயம் அதற்குள் கடைசி சீட்டு வரைக்கும் போய்விட்டிருந்தது. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிகள் ஊர்ந்தன. நீளக் கண்ணாடியில் பத்துக் கண்கள் ஒரே முகத்தைத் தேடின. கவிப்ரியா முன்சீட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பீவி, மூக்குக் கண்ணாடி தலையில் இருக்க, ஒவ்வொரு கண்ணாகப் பிடித்து முறைத்துக்கொண்டே வந்தார். இமைக்கக்கூட இல்லை.

பாகலூர் ரோட்டில் அவர் கடை வந்தது. ஹாஸ்டல் இன்னும் தள்ளி. பீவி பையை எடுத்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தவர், டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

“டிரைவர்ண்ணா, நான் எறங்கிட்டா மொறைக்க ஆளில்ல. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கூரப் பக்கம் திருப்பி வுடுங்க. புள்ள ஹாஸ்டல் போற வரைக்கும் அழுதுக்கட்டும்.”

“சரி,” என்றார் முனிசாமி.

கையை உயர்த்தி, தகரக் கூரை தெரிகிற வரைக்கும் கண்ணாடியைத் திருப்பினார். பின்னாலிருந்து எவனோ, “சரி அண்ணா, கண்ணாடி!” என்று கத்தினான். அவர் கியரைப் போட்டார்.