முத்துவுக்கு ஒரு கோட்

கனடாவின் மார்க்கம் நகரில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குவது என் தோழி அன்ரனெற்றின் வேலை. வயது ஐம்பத்தெட்டு. கதை எழுதப்போகிறேன், எழுதப்போகிறேன் என்று முப்பது வருடமாக என் காதைத் தின்றவள், போன வருடம் ஒருவழியாக எழுதியே விட்டாள்.

கதைக்குக் கருவைக் கொடுத்தவள் அவளோடு வேலை செய்யும் கோகி. தென்னாபிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண். பேச்சு மட்டும் முழுக்க ஆங்கிலம். அவளுடைய பூட்டன் முத்து, கரும்புத் தோட்டக் கூலியாக டர்பன் பக்கத்து நேட்டாலுக்குப் போனவர். 1900 ஜனவரியில் அங்கே ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போவர்களுக்கும் நடந்த சண்டையில் காயப்பட்ட வெள்ளைக்காரரை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர். முடிந்ததும் பழையபடி கரும்புதான். ஒரு நன்றிகூட இல்லை. கோகி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்ரனெற்றுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கதையில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள். பனி கொட்டுகிறது. முத்து நடுங்கி நடுங்கிச் சுமக்கிறார். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அதிகாரி தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்துகிறான். தட்டச்சு செய்யும்போது நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஸ்காபரோவில் புத்தக வெளியீட்டு விழா. அன்ரனெற் கோகியை முன்வரிசையில், என் பக்கத்தில் இருத்தினாள். ஆய்வுரைக்கு நவரட்ணம் அண்ணை. பத்து நிமிடம் என்று மைக்கைப் பிடித்தால் நாற்பது நிமிடத்துக்கு விடாத மனிதர்.

"அந்தக் குளிர் என்ர எலும்புக்குள்ள இறங்கினது. அங்க போய் நிண்ட ஆள்தான் உப்பிடி எழுதலாம்," என்றார். நல்ல கைதட்டல்.

நான் கோகிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஜனவரியில் எங்கள் ஊரில் வேர்த்து ஒழுகுமே என்றாள்.

எழுதியவள், தட்டச்சு செய்த நான், ஆய்ந்தவர் எல்லோரும் கனடாவில் தலை நரைத்தவர்கள். ஜனவரி என்றால் பனி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அட்டையிலும் பனிமலைதான்!

துண்டுக் கடதாசியில் எழுதி மேடைக்கு அனுப்பினேன். அன்ரனெற்றின் முகம் செத்துப்போயிற்று. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மண்டபத்தில் விஷயம் தெரிந்தவள் கோகி ஒருத்திதான். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கதையை எழுதியதே அந்த ஒருத்திக்காகத்தான். பாடமாக்கி வைத்திருந்த ஏற்புரையை விட்டுவிட்டு அன்ரனெற் மைக்குக்கு வந்தாள்.

"அண்ணை கோவிக்கப்படாது. அங்க ஜனவரி வெயில் காலமாம். கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில நான் விறைச்ச முதல் ஜனவரியைக் கொண்டுபோய் முத்துவின்ர தலையில கொட்டிப்போட்டன். பிழை என்ரதான்."

மண்டபமே சிரித்தது. நவரட்ணம் அண்ணை பொன்னாடையை இரண்டு தரம் சரிசெய்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அதன்பின் கையெழுத்துக்கு வரிசை. அன்ரனெற் ஒவ்வொரு புத்தகத்திலும் பனியை வெட்டி வெயில் என்று எழுதினாள். கோட் வருகிற பந்தியையும் வெட்டித் தள்ளினாள். சனம் சிரித்துச் சிரித்து வாங்கிப்போனது.

கோகியின் முறை வந்தது. பேனை அந்தப் பந்திக்குப் போனபோது, கோட் வருவது எங்கே என்று என்னிடம் கேட்டு வைத்திருந்த அவள் பக்கத்தின்மேல் கையை வைத்தாள். பனியை வெட்டு, கோட் இருக்கட்டும் என்றாள். அந்தச் சண்டையில் அவருக்குக் கிடைத்தது இது ஒன்றுதான் என்றாள்.

அன்ரனெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையை மூடினாள். கோகியின் புத்தகத்தில் மட்டும் முத்து கொளுத்தும் வெயிலில் கோட்டோடு நடக்கிறார்.