ஊருணிப் புழுவும் வியாழக்கிழமை வகுப்பும்

வெட்டவெளியில் அறிவியல் நடத்துகிற வேலையில் பாதி நேரம் பிள்ளைகளின் தலையை எண்ணுவதிலேயே போய்விடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து வலை, வாளி, பூதக்கண்ணாடி எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போகிறோம். பாடம் சுகந்தி டீச்சர் நடத்துவார். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் வேன் ஓட்டுகிறேன்.

கானாடுகாத்தானைத் தாண்டி ஒரு பள்ளி. அதன் தலைமையாசிரியர் முதல் நாளே டீச்சரிடம் கறாராகப் பேசிவிட்டார். வியாழக்கிழமை மதியம் வகுப்பு உண்டு. பெற்றோர் ஒருவர் குறை சொல்லி வந்தாலும் அன்றோடு நிறுத்தம். பிறகு என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்க வண்டியோட இருந்துக்கங்க. பிள்ளைககிட்ட பாடம் கீடம் பேசிராதீக.” நாலு பேர் முன்னால் சொன்னார். இரண்டு வருஷம் ஆகிறது, நான் மறக்கவில்லை.

குழியானை வேட்டை

மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து, எறும்பு விழக் காத்திருக்குமே, அந்தக் குழியானைதான் அன்றைய பாடம். நாங்கள் வருகிறோம் என்று தலைமையாசிரியர் காலையிலேயே வளாகம் முழுக்கக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். ஒரு குழிகூட மிஞ்சவில்லை. டீச்சர் முகம் வாடிப்போனது.

நாலாம் வகுப்பு மீனா டீச்சர் கையைப் பிடித்து இழுத்துப்போய், கொட்டகையில் நின்ற தலைமையாசிரியரின் பைக்கைக் காட்டினாள். அவரே வந்து நகர்த்தினார். அடியில் காய்ந்த மணலில் ஒன்பது குழிகள். “சார் வண்டிக்கு அடியில மட்டும் யாரும் கூட்ட மாட்டாக டீச்சர், அதான் அதுக இங்க குடியிருக்குதுக.”

வெயிலில் நின்ற வேன்

வேப்பமரத்து நிழல் எப்படி நகர்கிறது என்று பார்க்க, பிள்ளைகள் அரை மணிக்கு ஒரு கல்லாக அதன் ஓரத்தில் வைத்துக்கொண்டே போனார்கள். நான் ஒரு மணிக்கே வேனைப் பொட்டல் வெயிலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு நிழல் வேன்மேல் வந்து படுத்தது. எத்தனையோ வருஷமாக வண்டியை நிறுத்திப் பழகியவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை, உத்தரவு அப்படி.

மீனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “தாத்தா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்ல வேண்டியதுதானே? நாங்க வெயில்ல கல்லு பொறுக்கியிருக்க வேண்டாம்ல?”

தண்ணியில புழு

அந்த ஊரில் குடிக்கிற ஊருணியில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு, கடைசிக் காய்ந்த படியில் நின்றுதான் குடத்தை முக்குவார்கள். நாங்களும் அதே படியில் நின்று, நீளக் கம்பில் வலையைக் கட்டித்தான் அள்ளினோம். வலையில் ஆறு கால் பிராணி ஒன்று வந்தது. தட்டானின் குஞ்சு என்றார் டீச்சர். வீட்டுக்குப் போன பிள்ளைகள் ‘ஊருணித் தண்ணியில புழு’ என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் இருபது பெண்கள் நிற்பதாகத் தலைமையாசிரியர் போன் செய்தார். வேனை விரட்டிக்கொண்டு போனோம். முன்னால் நின்றவர் மீனாவின் அம்மா. “காலுகூட வைக்காமக் காப்பாத்துற தண்ணி. அதப் போயிப் புழுவுங்கிறீகளே, நல்லாருக்கா?” தலைமையாசிரியர், “பார்த்தீகளா டீச்சர், வகுப்பு இன்னையோட முடிஞ்சுது” என்றார்.

மீனா உள்ளே ஓடி, முந்தின நாள் பிடித்ததை வெள்ளைத் தட்டோடு எடுத்துவந்தாள். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு நெளிந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். தட்டான் குஞ்சு தாடையைக் கை மாதிரி நீட்டி ஒரு புழுவைப் பிடித்துத் தின்றது. இருபது பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“அப்ப ஒங்க குறை...” என்று இழுத்தார் தலைமையாசிரியர். மீனாவின் அம்மா நிமிர்ந்தார். “குறை இருக்கு சார். எங்க ஊருணியில இருக்கிறத எங்களுக்குக் காட்டாமப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுனீகள்ல, அதான் குறை. வாற வியாழக்கிழமை நாங்களும் வாரோம்.”

சுவரில்லாத வகுப்பில் ஒரே தொல்லை, யாரையும் வெளியே நிறுத்த முடியாது, இப்போது முதல் ஆளாக வந்து நிற்கிற அந்தத் தலைமையாசிரியரைக்கூட.