எங்கள் படகில் நான் பூட்டிய விளக்குகள்

ஒரு மாசி மாதத்து விடியற்காலையில் என் கணவர் விளிம்பு பிளந்த படகோடு கரைக்கு வந்தார். நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். என் மச்சாள்தான் கடற்கரையிலிருந்து ஓடிவந்து சொன்னா. அவ என் கணவரின் அக்கா. தாழ்வுபாட்டுக் கரையில் எங்கள் வாடியில், அந்த ஓலைக் கொட்டிலில், மீன் வெட்டி, உப்புப் போட்டுக் காயவைப்பது அவதான்.

"உன்ர மனுசனுக்கு ஒண்டும் இல்லை. படகுக்குத்தான் அடி" என்று சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு வாங்கினா.

இருட்டில், இஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்னொரு படகு வேகமாக வந்திருக்கிறது. இவர் கத்தியது அந்தப் படகின் இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ரோச் லைற்றைத் தேடி எடுத்து அடித்தபோது படகு மிகக் கிட்ட வந்துவிட்டது. ஓட்டியவர் கடைசி நேரத்தில் திருப்பியதால் நேரே ஏறாமல் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு படகிலும் விளக்கு இல்லை.

நான் கரைக்குப் போனபோது அந்தப் படகுக்காரரும் அங்கே நின்றார். எருக்கலம்பிட்டி ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பருவம் எங்கள் கரைக்குப் பக்கத்தில் வாடி போட்டிருந்தார். ஓடிப் போகாமல் பின்னாலேயே வந்து, பிளந்த விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அல்லா அறிய நான் உங்களைக் காணேல்லை" என்றார்.

"நானும் உங்களைக் காணேல்லை, நானா" என்றார் என் கணவர். வயதில் மூத்த முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவது.

அதைச் சொன்னபிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இரவில் கடலுக்குப் போவது எனக்குப் பழகிய விசயம். ஆனால் அந்த இருட்டில் அவர் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன்.

"படகுக்கு லைற் பூட்டுவம்."

"பூட்டினவங்கள் எல்லாம் கழட்டி எறிஞ்சிட்டாங்கள். ஒரு பருவம் தாங்காது. உப்புத் திண்டிடும்."

"நான் பூட்டுறன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நீர் வீட்டுக்கெல்லோ வயரிங் செய்யிறனீர்?"

"வீட்டுக்குச் செய்யிறவளுக்குப் படகுக்குச் செய்யத் தெரியாதோ?"

திரும்பவும் பிசையத் தொடங்கியபடி, "வீடு கடலுக்கை போறேல்லையே" என்றார்.

அது நியாயமான பேச்சு. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் இந்தக் கரையெல்லாம் புது வீடுகள் எழும்பின. சுவர் இருந்தது, கூரை இருந்தது, கரண்ட் இல்லை. மன்னார் ரவுணில் வயரிங் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் நானும் முசலிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியும்தான் பெண்கள். முதலில் எங்கள் வீட்டுக்கே வயர் இழுத்தேன். பிறகு எங்கள் தெரு, அடுத்த ஊர், மடு றோட்டுப் பக்கம் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனங்களின் வீடுகள். காற்சட்டை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி நிற்கிற என்னைப் பார்க்க ஒரு காலம் ஆட்கள் கூடினார்கள். இப்போது பியூஸ் போனால் நேரே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் படகு வேறுதான். அடுத்த நாள் கரையில் நடந்து, முன்பு பூட்டிய லைற் செத்துப்போன படகுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. இரண்டு வயரை முறுக்கி, மேலே ஒட்டுகிற ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். ரேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, கையில் மாவாக உதிர்ந்தது. மெல்லிய கம்பியின் வழியே உப்புத் தண்ணி உறைக்குள் ஒரு முழத்துக்கு ஏறியிருந்தது. விளக்குகளில் பழுது இல்லை. பழுதெல்லாம் வயரோடு வயர் சேர்கிற பொருத்துகளில்தான் இருந்தது.

அதைக் கண்டதும் எனக்குத் துணிவு வந்தது. பொருத்து என் கைவேலை.

விளிம்பை ஒட்டிக் காயவிட்டிருந்த நாட்களில் ரவுணுக்குப் போய்ச் சாமான் வாங்கினோம். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு வெள்ளை, மூன்றும் சின்ன எல்இடி விளக்குகள். தண்ணி புகாத சுவிச், மூடியுள்ள பற்றரிப் பெட்டி, வெள்ளீயம் பூசிய கம்பியுள்ள வயர். அந்த வயருக்காக நாலு கடை ஏறி இறங்கினேன். சாதாரணச் செம்பு வயர் போதும் என்று எல்லாக் கடையிலும் சொன்னார்கள். நான் விடவில்லை.

எங்கே பூட்டுவது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். படகின் இரண்டு பக்க விளிம்பிலும் ஒவ்வொன்று என்று நான் சோக்கால் குறித்தேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வலை இந்த விளிம்பாலதான் ஏறும். முதல் நாளே லைற்றைப் பிடுங்கிக்கொண்டு போயிடும்."

"அப்ப எங்க?"

அவர் படகுக்குள் ஏறி, வலை இழுப்பதுபோலக் குனிந்து நிமிர்ந்து காட்டினார். அவர் கை போகிற இடம், கயிறு ஓடுகிற இடம், நங்கூரம் கிடக்கிற இடம் எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் மிஞ்சியது படகின் முன்முனை. அணியம் என்று சொல்கிற அந்த இடத்தில் ஒரு பலகைக் கட்டையை இறுக்கி, அதன் இரு பக்கத்திலும் சிவப்பையும் பச்சையையும் பூட்டுவது என்று முடிவானது. வெள்ளை விளக்குக்குப் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலாக ஒரு குழாய். அதையும் வலை வேலை நேரத்தில் கழற்றி வேறு இடத்தில் செருகக்கூடியதாகச் செய்யச் சொன்னார். செய்தேன்.

மச்சாள் கருவாடு திருப்பிப் போடுகிற சாட்டில் அடிக்கடி வந்து பார்த்தா.

"எது எந்தப் பக்கம்?"

"சிவப்பு இடம், பச்சை வலம்."

"மாறிப் பூட்டிப்போடாத. ஞாபகம் வைக்க ஏதும் வழி இருக்கோ?" என்று கேட்டவ, தானே நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. "யேசுவின்ர திருஇருதயம் இந்தப் பக்கம்தானே. வீட்டில படத்துக்கு முன்னால சிவப்பு லைற்தானே எரியுது. சரி, எனக்கு இனி மறக்காது."

எனக்கும் அதற்குப் பிறகு மறந்ததில்லை.

வேலை தொடங்கியபோது நான் அவசரப்படவில்லை. பற்றரியைப் பின் பலகைக்குக் கீழே பெட்டியில் வைத்து, படகு எகிறினாலும் அசையாதபடி பட்டியால் இறுக்கினேன். பற்றரியிலிருந்து வெளிக்கிடுகிற இடத்திலேயே பியூஸ். பெற்றோல் டாங்க் இருக்கிற படகில் வயர் ஒன்றோடொன்று முட்டி நெருப்புப் பிடிக்கக்கூடாது. வயரை விளிம்புக்குக் கீழே குழாய்க்குள் ஓடவிட்டு, நெருக்கமாகக் கிளிப் அடித்தேன். இழுபட்டுத் தொங்குகிற இடம் ஒன்றுகூட இல்லை. சுவிச்சுக்குள் போகுமுன் வயரைக் கீழே வளைத்து, பிறகு மேலே ஏற்றினேன். வழிந்து வருகிற தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவிச்சுக்குள் ஏறாது.

பொருத்துகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். கடற்கரைக் காற்றில் பற்றவைக்கும் கோல் சூடு பிடிக்காது. மச்சாள் கருவாடு மூடுகிற படங்கைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு மறைப்பாக நின்றா. கை உளைந்தாலும் இறக்கவில்லை. பற்றவைத்த ஒவ்வொன்றுக்கும் மேலே, சூடு காட்டினால் சுருங்குகிற உறையை ஏற்றினேன். உறை சுருங்கி, உள்ளேயிருந்த பசை ஓரத்தால் பிதுங்கி வந்தபோது, இதற்குள் எந்தக் கடலாலும் போகமுடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம் ஒரு தனிச் சந்தோசம். எத்தனையோ வீடுகளில் வேலை செய்தும் அப்படி ஒன்றை நான் உணர்ந்தது குறைவு.

பொழுதுபடச் சுவிச்சைப் போட்டோம். மூன்றும் எரிந்தன. கரையில் நின்றவர்கள் கிட்ட வந்து பார்த்தார்கள். என் கணவர் படகைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "வடிவாக் கிடக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய பேச்சு.

எனக்கு அது போதவில்லை. கரையில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? இன்னொரு படகிலிருந்து, தண்ணியில் வைத்துப் பார்க்கவேண்டும். அதைக் கேட்டதும் முன்வந்தவர் அந்த எருக்கலம்பிட்டி நானாதான்.

"தங்கச்சி, என்ட போட்டில வாங்க. அண்டைக்கு நான் காணாத இடத்திலயே நிண்டு பார்ப்பம்."

மச்சாளும் ஏறிவிட்டா. இரவில் நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. ஊர்க் கோயிலின் விளக்கும் தெரு விளக்குகளும் ஒரு கோடாகச் சுருங்கின. கொஞ்சம் தள்ளிப் போய் நானா இஞ்சினை நிறுத்தினார். என் கணவர் தூரத்தில் தனியாகப் படகை ஓட்டினார்.

முதலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பிறகு அவர் எங்களைப் பார்த்துத் திருப்ப, சிவப்பும் பச்சையும் சோடியாக வந்தன. அவர் எங்களுக்கு முன்னால் இடமிருந்து வலமாக ஓடியபோது படகின் வலப் பக்கம்தான் எங்களைப் பார்க்கும், அதனால் பச்சை மட்டும் தெரியவேண்டும். ஆனால் பச்சையோடு சிவப்பும் மங்கலாகத் தெரிந்தது.

நானா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் தெரியுது, தங்கச்சி. ரெண்டையும் கண்டா அவர் என்னை நோக்கி வாறார் எண்டுதானே நான் நினைப்பன்?"

"ஓம், நானா. இது பிழை."

முன்முனையில் விளக்குகள் கிட்டக்கிட்ட இருந்ததால் சிவப்பின் வெளிச்சம் குறுக்கே தாண்டி மறுபக்கம் விழுந்தது. கரையில் நின்று பார்த்து "வடிவாக் கிடக்கு" என்பதோடு விட்டிருந்தால் இது தெரியவே வந்திராது. அடுத்த நாள் இரண்டு விளக்குக்கும் நடுவே மறைப்புப் பலகை ஒன்றை நிமிர்த்தி, முன்னுக்கு நீட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்தேன். என் கணவருக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. பின்னால் உட்கார்ந்து ஓட்டும்போது வெள்ளை வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாம். ஐஸ்கிறீம் வாளி மூடி ஒன்றில் ஓட்டை போட்டு, அதையும் கறுப்பாக்கி, விளக்குக்குக் கீழே தட்டுப்போலப் பூட்டினேன். வெளிச்சம் சுற்றிவரப் போகும், அவர் தலையில் விழாது.

திரும்பவும் அதே இடத்துக்குப் போனோம். நானா இஞ்சினை நிறுத்தினார். என் கணவர் குறுக்கே ஓடினார். பச்சை மட்டும். திரும்பி மறுபக்கம் ஓடினார். பச்சை மறைந்து, சிவப்பு மட்டும். பிறகு மெல்ல எங்களைப் பார்த்துத் திரும்பினார். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை முளைத்து, இரண்டும் சேர்ந்து எங்களை நோக்கி வந்தன.

அந்த இருட்டில் அவர் முகம் தெரியவில்லை, படகும் தெரியவில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தது என் கைவேலை. மச்சாள் என் தோளில் கையை வைத்தா.

நானா எங்கள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நாளைக்கு என்ட போட்டைக் கரையில ஏத்திவைக்கிறன். எனக்கும் இதே மாதிரி, இதே கறுப்புப் பலகையோட வேணும்."

அவருடைய படகு இரண்டாவது. வேலை முடியும்வரை அவர் வீட்டிலிருந்து மனைவி சோறு கட்டி அனுப்பினா. அவ வைத்த இறால் குழம்பை மச்சாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் "ஒரு பருவம் தாங்குதோ பார்ப்பம்" என்று ஒதுங்கி நின்றவர்கள், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலம் முழுவதும் எங்கள் விளக்குகள் நனைந்து நனைந்து எரிந்ததைக் கண்டார்கள். பருவம் முடிய என் கணவர் முன்னால் ஒரு பொருத்தை வெட்டித் திறந்து காட்டினேன். உள்ளே கம்பி வெள்ளிபோல மினுங்கியது. அவர் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போய்க் கரை முழுவதும் காட்டிவிட்டு வந்தார். "மனிசி செய்த வேலை" என்று சொன்னாராம். நேரில் எனக்கு அதைச் சொன்னதில்லை. கேட்டவர்கள் வந்து சொல்லித்தான் அறிந்தேன்.

மீனவர் சங்கத்தில் ஒரு நாள் என்னை வந்து விளங்கப்படுத்தச் சொன்னார்கள். கதிரைகள் நிறைய ஆண்கள். ஒரு பலகையில் மூன்று விளக்கையும் பூட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, "இப்ப நான் எந்தப் பக்கம் போறன்?" என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒரே குரலில் விடை சொன்னார்கள். பின்வரிசையில் நின்ற மச்சாள் எல்லாருக்கும் முந்திச் சொன்னா.

இப்போது எங்கள் கரையிலிருந்து விடியமுன் வெளிக்கிடுகிற படகுகளில் நிறையப் படகுகள் நான் வயர் இழுத்தவை. சில நாட்களில் தேத்தண்ணியோடு போய் வாடிக்குப் பக்கத்தில் நிற்பேன். இஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, வெள்ளை விளக்குகள் தென்கடலை நோக்கி விரிந்து போகும். யாருடையது எது என்று எனக்குத் தெரியும். ஒன்று கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால், அவர் கரைக்கு வரும்வரை காத்திருந்து, மற்றவர்கள் மீனைப் பார்க்கும்போது நான் பற்றரிப் பெட்டியைத் திறப்பேன்.