கராச்சி நெத்திலி

சாந்தோம் குப்பத்து லூர்துமேரிக்கு மைல் கணக்கெல்லாம் தெரியாது. கூடையில் மீன் ஏற்றினால், அது கெடுவதற்குள் போய்ச் சேருகிற இடம் கிட்டம், மற்றதெல்லாம் தூரம். ராயப்பேட்டை கிட்டம், அடையாறு கிட்டம். மாம்பலம் மழைக்காலத்தில் கிட்டம், வெயில் காலத்தில் தூரம்.

மீன் கெடுகிற தூரத்துக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று குப்பம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூணாம் வருஷம் கராச்சி வந்து அவள் தலையில் விழுந்தது. அங்கே துறைமுக வேலைக்குப் போயிருந்த குப்பத்துப் பையன் மரியதாஸ், அவள் மகள் தேசம்மாவைப் பெண் கேட்டு, கோயில் பள்ளிக்கூடத்து ராஜநாயகம் வாத்தியார் மூலமாகச் சொல்லியனுப்பினான். தேசம்மாவுக்கும் அவன் மேல்தான் மனசு. வாயைத் திறந்து சொல்லவில்லை, சோறுதான் இறங்கவில்லை.

"ரயில்ல நாலஞ்சு நாள் ஆவுமாமே, வாத்தியாரே?"

"அது போன வருஷக் கதை, மேரி. இப்ப தபாலெல்லாம் ஏரோப்ளேன்ல வருது. ஆயிரத்து முந்நூறு மைல், ரெண்டே நாள்."

பறக்கிறதுக்கு எதற்கு ரெண்டு நாள்? ராத்திரி பம்பாயில் இறங்கித் தங்கிவிடும், இருட்டில் வழி தெரியாது என்றார் வாத்தியார். லூர்துமேரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் புருஷன் மாசிலாமணி நட்சத்திரத்தைப் பார்த்தே கட்டுமரம் விடுகிறவன். "அவ்ளோ மேல போயும் வெள்ளி தெரியலியா?" என்றாள். மழை வந்தால் எங்கே ஒதுங்கும், எதிரே பருந்து வந்தால் யார் விலகுவது என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். வாத்தியாருக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போக அவருக்கும் மனசு வரவில்லை.

"ஆள் ஏத்துவானா?"

"துரைமார் ஏறலாம். நமக்குக் கடுதாசி மட்டும்தான்."

"அப்ப அந்தப் புள்ளைய அதுல பச்சை மீன் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. கெடாம வந்துச்சுன்னா பொண்ணு தரேன். இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம்."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டே எழுதிப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, தபால்கார அம்பி ஒரு கவரை நூலில் கட்டித் தொங்கவிட்டபடி, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நாற்றம் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வாத்தியார் வந்து பிரித்தார். உள்ளே ஒரே ஒரு நெத்திலி, கூழாகிக் கிடந்தது. தேசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாத்தியார் கவரைத் தரையில் வைத்துவிட்டு எட்டி நின்றார்.

லூர்துமேரி மட்டும் அதை விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே போடல."

"அதுக்கென்ன?"

"லேசா உப்பு தடவியிருந்தா தாங்கியிருக்கும். அவனும் மீன்காரன் புள்ளதான், அவனுக்குத் தெரியாதா? பொண்ணு கெடைக்காதுன்னு தெரிஞ்சும் ஏமாத்தல பாருங்க."

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "தேசம்மா, வந்து சோறு துன்னு. உனுக்குக் கராச்சிதான்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாத்தியாரிடம் திரும்பினாள்.

"அந்த ஏரோப்ளேன்ல நம்ம ஆளுங்கள ஏத்தறப்ப எனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க வாத்தியாரே. பொண்ணு தூரமாப் பூடுது."