காற்றுத் துளை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி. ஆனால் இது நடந்தது பட்டப்பகலில். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில், சிவசங்கரி வீட்டு நடுக்கூடத்தில். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான்.

பீங்கான் பட்டறையில் சிவசங்கரிக்கு பினிஷிங் வேலை. அச்சிலிருந்து வரும் பொம்மையில் துருத்திக்கொண்டிருக்கும் கோடுகளை ஊசியால் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து, சூளையில் சுட்டு வந்த பிறகு வண்ணம் தீட்டுவாள். பிள்ளையாருக்கும் யானைக்கும் கண் எழுதிச் சலித்த கைக்கு அந்த முறை வந்தது ஒரு விண்கப்பல். முழங்கை நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டி ஜன்னல்கள். பெண்ணாடத்துக்காரர் கோகுலகிருஷ்ணன் செய்யச் சொன்னது. மூச்சு நோயில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அவருடைய மகன் தானே யோசித்து வரைந்த கப்பலாம். பூமியில் காற்று கெட்டுப்போன பிறகு ஜனங்கள் ஏறிப் போவதற்கு.

உள்ளே கூடாக இருக்கும் எந்தச் சாமானுக்கும் அடியில் ஒரு துளை விட வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வண்ணம் எல்லாம் தீட்டிக் காய்ந்த பிறகு, கடைசி வேலையாகத்தான் அந்தத் துளையை வெள்ளை சிமெண்டால் அடைப்பார்கள். பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது தெரியும்.

கோகுலகிருஷ்ணன் மட்டும் வேறு மாதிரி கேட்டார்.

"ஓட்டைய மொதல்ல அடைச்சிடுங்கம்மா. அப்பறமா பெயிண்ட் அடிங்க. ஓட்ட இருந்தா காத்தெல்லாம் வெளிய போயிடுமாம். பையன் சொல்றான்."

"அதுக்கென்னங்க, காத்த அடைச்சே குடுத்துடறேன்" என்று சிவசங்கரி சிரித்தாள்.

அவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு. கனிமொழி, ஒன்பது வயது. வீசிங் உள்ள பெண். மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையின் ஆசையைத் தட்டிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலையிலேயே துளையை அடைத்தாள். உடம்புக்குச் சாம்பல் நிறம் அடித்தாள். தகடுகளை இணைத்தது போல் கீறிய கோடுகளில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டுத் துணியால் துடைத்தாள். விளிம்புகளில் வெள்ளியைத் தொட்டும் தொடாமலும் தேய்த்தாள். பீங்கான் போய் இரும்பாகத் தெரிந்தது. கடைசியாக மெல்லிய பிரஷ்ஷால் ஜன்னல்களுக்குக் கறுப்பு தீட்டி, மேலே வார்னிஷ் கொடுத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணிக்குத்தான் வரும்.

சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால், ஒரு ஜன்னல் மங்கலாக இருந்தது. தூசி என்று துடைத்தாள். போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மழை நாளில் பஸ் கண்ணாடியில் படியுமே, அந்த ஆவி. வெளியே இல்லை… உள்பக்கம்.

உள்பக்கம் எங்கே இருக்கிறது? அது பீங்கான் மேல் பூசிய பெயிண்ட்.

வார்னிஷ் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் பக்கத்து ஜன்னலும் மங்கியது. அப்புறம் அடுத்தது.

"அம்மா… இளுக்குது" என்றாள் கனிமொழி.

இன்ஹேலரை வாயில் வைத்து ஒரு பஃப் கொடுத்தாள். கேட்கவில்லை. மறுபடி கொடுத்தாள். பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஆவி பிடிக்கும் மிஷின் மேசையில் சும்மா கிடந்தது. கரண்ட் இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது? ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

"ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கக்கா. கூட்ஸு நிக்குது. தொறந்ததும் வந்துடறேன்."

சிவசங்கரி மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினாள். தடவுவதைத் தவிர அவளால் ஆனது ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

உஸ்ஸ்… உஸ்ஸ்…

மூச்சு. நிதானமான, ஆழமான மூச்சு. நன்றாகத் தூங்கும் பிள்ளை விடுவது போல.

கனிமொழியுடையது இல்லை.

எட்டிக் கப்பலை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளேயிருந்துதான் வந்தது. பீங்கான் இளஞ்சூடாக இருந்தது.

ஜன்னல்களில் எல்லாம் ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன் ஜன்னலில் ஒரு கோடு விழுந்தது. யாரோ விரலால் துடைத்த மாதிரி. சின்ன விரல்…

உள்ளேயிருந்து.

உஸ்ஸ்… அங்கே ஒரு மூச்சு ஏறியது. இங்கே மடியில் ஒன்று குறைந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

கப்பலைக் கவிழ்த்தாள். பினிஷிங் ஊசியை எடுத்துச் சிமெண்டில் குத்தினாள்.

குத்தினாள்.

குத்தினாள்.

பொத்துக்கொண்டது.

விரலில் சில்லென்று காற்று பட்டது. நீளமாக… ரொம்ப நீளமாக.

நின்றது.

கனிமொழி ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். இருமினாள். "தண்ணி" என்று கேட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து. ஜன்னல்கள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன.

மூன்றாம் நாள் கோகுலகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். சவரம் செய்யாத முகம். சிவசங்கரி கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு மத்தியானம் நல்லா மூச்சு வுட்டான்மா. ஆறு மாசமா அப்படிப் பாத்ததில்ல. எழுந்து உக்காந்து ஜன்னலத் தொடச்சி வெளிய பாத்தான். கப்பல் கெளம்பிடுச்சிப்பான்னு சிரிச்சான். நாலு, நாலேகால் இருக்கும்… காத்து போவுதுப்பான்னான். அவ்ளோதான்."

உள் அறையில் கனிமொழி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கப்பலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். துளையில் விரலை வைத்தார். எடுத்தார். உள் அறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க பொண்ணாம்மா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றார். கப்பலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எதற்கென்று சொல்லிக் கேட்பது?

சாயங்காலம் பட்டறை முதலாளி பாலகிருஷ்ணன் போன் பண்ணினார்.

"அந்தப் பெண்ணாடத்துக்காரரு வந்தாராம்மா? பாவம். பையன் போயிட்டான். அவருக்கு இன்னும் கைப்புள்ள ஒண்ணு இருக்குது, பொண்ணு. அதுக்கும் அதே நோவுதானாம்."

"இங்க வந்துட்டு அப்பவே போயிட்டாருங்க."

"தெரியும். போற வழியில இங்கயும் வந்தாரு. கையளவு வெள்ள சிமெண்டு கேட்டாரு. குடுத்தனுப்பினேன்."

போனை வைத்துவிட்டு சிவசங்கரி உள் அறைக்கு ஓடினாள். கனிமொழி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பாட்டு நின்றிருந்தது.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"பாட மூச்சு பத்தலம்மா" என்றாள் பிள்ளை.