முதல்ல அலறினாரு

அவனுக்கு டெஸ்டர் என்று பெயர் வைத்தவர் அக்கா வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர். "மெயினை ஆஃப் பண்ணினாலும் டெஸ்டர் வைப்பான், தெருவுக்கே கரண்ட் போனாலும் டெஸ்டர் வைப்பான். குழம்புல உப்பு இருக்கான்னுகூட அதாலதான் பாப்பான்போல" என்று ஒருநாள் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் பேனா வைக்கும் இடத்தில் அவனுக்கு, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டர் இருக்கும். எதையும் ஒரு முறை பார்த்து நம்பமாட்டான். இரண்டு முறை பார்ப்பான்.

நல்ல வேலைக்காரன் என்று அவனைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல யோசிக்க வேண்டும். கவனம் பெரும்பாலும் காலம் தாழ்த்தித்தான் வருகிறது. அது வருவதற்கு முன்னால் செய்த வேலைகளும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

அன்று காலை அக்கா போன் செய்தாள். "நாளைக்கு எம்பொண்ணு குழந்தையோட வர்றாடா. பின்னறையில தங்கட்டும். மேல ஒரு விளக்கு மாட்டிக் குடு. பழைய சுவிட்சிலயே எரியட்டும், சுவரை உடைக்காத."

பின்னறை பதினேழு வருடங்களாகச் சாமான் போடும் அறை. மாமா, அதாவது அக்காவின் கணவர், அங்கேதான் விழுந்தார். இரும்பு ஏணியில் நின்று மேற்கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர், தலை வாசற்படியில் மோத விழுந்தார். மருத்துவமனையில் தலைக்காயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அலமாரியில் பாதி காலியான பாட்டில் ஒன்று இருந்தது. குடிக்கிறவர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. "இன்னைக்குக் குடிக்கலை" என்று அக்கா மட்டும் சொன்னாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "முதல்ல அலறினாரு. அப்புறந்தான் விழுந்தாரு."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. விழுகிறவன் அலறுவான், இதில் முன் என்ன, பின் என்ன? வாசலில் கூடியிருந்தவர்கள் கேட்க, உரத்த குரலில் தீர்ப்புச் சொன்னவன் அவள் தம்பி, இந்த டெஸ்டர்தான். "குடிதான் கொன்னுச்சு. தலைபாடா அடிச்சுக்கிட்டோமே, கேட்டாரா?" அந்தப் பேச்சு தெருவோடு நிற்கவில்லை. பெண் வளர்ந்தபோது குடிகாரன் மகள் என்று இரண்டு இடத்துச் சம்பந்தம் திரும்பிப் போயிற்று.

அக்கா மூட்டைகளை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். டெஸ்டர் மர ஏணியை விரித்து மேலே ஏறினான். பழைய பல்பு ஹோல்டர் கூரையில் அப்படியே இருந்தது. அதன் உதட்டில் காய்ந்த சுண்ணாம்புத் துளிகள். கூரையின் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி பழுப்பு. வெள்ளை ஹோல்டர் வரை வந்து, அதைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து, அங்கேயே நின்றுபோயிருந்தது. மறுபடி இந்த அறைக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

"சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு?"

"ஆஃப்லதான்டா. கண்ணு தெரியலையா?"

வழக்கப்படி டெஸ்டரை வைத்தான். எரிந்தது.

"இன்னொரு தடவை போட்டு அமுத்துக்கா."

சுவிட்ச் டக்கென்று விழுந்து எழுந்தது. டெஸ்டர் அணையவில்லை.

"வயசான சுவிட்ச், உன்னை மாதிரியே" என்றாள் அக்கா. "காபி போடட்டுமா?"

அவன் இறங்கினான். மெயினை அணைத்துவிட்டு வந்து சுவிட்சின் மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டும் கறுப்பு வயர். மின்சாரம் வரும் சிவப்பு வயர் சுவிட்சுக்கு வரவே இல்லை. நேராக விளக்குக்குப் போயிருந்தது. சுவிட்ச் வெட்டியது திரும்பிப் போகும் வயரை. எந்தப் பக்கம் வெட்டினாலும் விளக்கு அணைந்துவிடும். விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே கை வைக்கிற மனிதனுக்குத்தான் ஒன்றல்ல.

கதவுக்கு மேல், வயர்கள் சேரும் பெட்டியையும் திறந்தான். வயர் முடிச்சு நான்கு சுற்று, நுனி மடித்துத் திருப்பியது. அந்த ஊரில் அப்படி முடிப்பவன் ஒருவன்தான். தொழிலுக்கு வந்த முதல் வருடம், சொந்த அக்கா வீடாயிற்றே என்று ஆசையாக இழுத்த வயர். எரிந்தால் சரி என்பது அன்றைக்கு அவன் அறிந்த பாடம்.

ஈர பிரஷ். ஈரத் தரை. இரும்பு ஏணி. சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றிவிட்டு, ஒழுங்காகத்தான் மாமா ஏறியிருக்கிறார். ஹோல்டரைச் சுற்றி அரைவட்டம் அடித்திருக்கிறார்.

முதலில் அலறினார்.

அந்த வாக்கியம் பதினேழு வருடங்களும் உண்மையாகவே இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் அது பொய்யாகிவிடவில்லை. ஆதரவில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவனுக்கு நினைவு வந்தது. மாமா இறப்பதற்கு எட்டு மாதம் முன்பு ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே மேஸ்திரி இதே தப்பைக் காட்டி அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அன்று மாலையே, முதல் வருடம் வேலை செய்த வீடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பிறகு மாமா விழுந்தார். வாசலில் நின்று அவன் ஏன் அத்தனை உரக்கப் பேசினான்? தெரிந்து பேசவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில் ஒரு மனிதன் வெகுகாலம் குடியிருக்க முடியும்.

இப்போது பத்து நிமிட வேலை. கறுப்பை எடுத்துச் சிவப்பைப் போட்டு மூடிவிட்டால் சுவரே சாட்சி சொல்லாது. ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது.

"என்னடா, மூஞ்சி செத்துப்போச்சு?" காபி டம்ளருடன் அக்கா நின்றாள்.

அவன் போய் மெயினைப் போட்டான். மறுபடி ஏணியில் ஏறினான். "சுவிட்சை ஆஃப்லயே வெச்சுட்டு இங்க பாருக்கா." டெஸ்டரில் சிறு வெளிச்சம். "ஆஃப்லயும் இங்க கரண்ட் இருக்கு. அன்னைக்கும் இருந்திருக்கு."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"முதல்ல அலறினாரு" என்றாள்.

"ஆமாக்கா."

இதற்கு யாரும் அவளிடம் ஆமா சொன்னதில்லை.

"யாரு போட்ட வயரு?" தெரிந்துதான் கேட்டாள்.

"நான்தான்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "விளக்கை மாட்டு. குழந்தை வருது" என்றாள்.

மெயினை அணைத்து, வயரை மாற்றி, புது விளக்கை மாட்டினான். மறுபடி மெயினைப் போட்டு, சுவிட்ச் ஆஃபில் இருக்க இரண்டு முறை டெஸ்டர் வைத்தான். எரியவில்லை. சுவிட்சைப் போட்டான். வெள்ளை வெளிச்சத்தில் கூரையின் அரைவட்டம் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அந்த வருஷம் வேற எத்தனை வீடு?"

"ரெண்டு வீடு. அப்புறம் எதிர்க்கடை."

"போ."

"அக்கா..."

"எங்கிட்ட என்ன பேச்சு? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. வாசல்ல நின்னு சொன்னியே, அவங்ககிட்ட சொல்லு. நான் சொன்னா புருஷனுக்குப் பரிஞ்சு பேசுறேம்பாங்க. நாளைக்கு எம்பொண்ணு இந்தத் தெருவுல நடந்து வரும்போது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அவகிட்டயும் நீயே சொல்லு. அதுக்கப்புறம் நீ இந்த வாசல் மிதிக்கலாமா வேண்டாமான்னு அவ சொல்வா."

டெஸ்டர் தெருவைக் கடந்தான். அன்று வாசலில் நின்றவர்களில் தையல்காரரும் ஒருவர். தலைக்கு மேல் தொங்கிய விளக்கின் கீழ், மெஷினில் குனிந்திருந்தார்.

"என்ன டெஸ்டரு, அக்கா வீட்டுக் குழம்புல உப்பு சரியா?"

"அண்ணே, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

சக்கரத்தில் கை வைத்து நிறுத்தினார்.

"மாமா குடிச்சு விழலை. சுவிட்ச் ஆஃப்லதான் இருந்துச்சு, ஆனா கரண்ட் அடிச்சிருக்கு. நான் தப்பா இழுத்த வயரு. நான்தான் குடின்னு சொன்னேன். அதுவும் தப்பு."

தையல்காரரின் தலை மெதுவாக மேலே, விளக்கின் பக்கம் நிமிர்ந்தது. "இதையும்... நீதானே போட்ட?"

"ஆமாண்ணே. பாத்துடறேன். அதுக்கு முன்னாடி நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"என்னப்பா இது, பள்ளிக்கூடமா?"

"ஒரு தடவை சொல்லுங்கண்ணே."

தையல்காரர் எதிரே பார்த்தார். அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவர் எழுந்து நின்று, தெருவுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"உங்க மாமா குடிச்சு விழலை. கரண்ட் அடிச்சுது. முதல்ல அலறினாரு, அப்புறந்தான் விழுந்தாரு."

பின்பாதியை அவன் சொல்லியிருக்கவில்லை. அன்று அக்கா சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை.

அக்கா உள்ளே போனாள். டெஸ்டர் ஸ்டூலை இழுத்து விளக்குக்குக் கீழே போட்டான்.