அடுக்களையில் வைத்த இங்கிலீஷ் சொற்கள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் இதை எழுதுகிறாள். நடுநடுவே சிரித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்தை அளக்கிற கருவிக்கு இங்கிலீஷில் சீஸ்மோகிராஃப் என்று பேர். திருத்தணியில் எங்கள் தெருவில் இது தெரிந்த கிழவி நான் ஒருத்திதான்.

மருமகள் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில்தான் விழுவாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அப்புறம் எழுதவே விடமாட்டார்கள். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

அவளைக் கவிழ்த்தவை யாரும் வாயால் பேசாத சொற்கள். தேனீ வளர்க்கிற இடத்துக்கு ஒரு சொல், மேப் போடுகிறவருக்கு ஒரு சொல், பறவைகளைப் பற்றிய படிப்புக்கு ஒரு சொல். ராத்திரி படித்தால் காலையில் மறந்திருக்கும். ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், உள்ளே எறும்பு. "எண்டமாலஜி!" என்று கத்தினாள். நான் பாம்பு என்று நினைத்து வாசலுக்கு ஓடிவிட்டேன். பூச்சிகளைப் பற்றிய படிப்பாம் அது.

அன்றிலிருந்து அடுக்களையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சொல்லைக் கொடுத்து வைத்தாள். தேன் பாட்டில் ஏப்பியரி. அரிசி டிரம் கிரானரி, அதாவது தானியக் கிடங்கு. கத்தியும் அரிவாள்மனையும் இருக்கிற மூலை ஆர்சனல், ஆயுதக் கிடங்கு. காக்காய்க்குச் சோறு வைக்கிற ஜன்னல் ஆர்னித்தாலஜி. தோசைக்கல் கார்ட்டோகிராஃபர். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வார்த்த தோசை ஒன்று இலங்கை மாதிரி இருக்கும், இன்னொன்று ஆந்திரா மாதிரி இருக்கும், அதனால் மேப் போடுகிறவர். மிக்ஸியைப் போட்டால் அலமாரியே ஆடும், அதுதான் நான் சொன்ன சீஸ்மோகிராஃப். வெங்காயக் கூடைக்குத் தோல் வைத்தியம். அதன் இங்கிலீஷ் பேரைச் சொன்னால் என் பல்செட் கழன்றுவிடும்.

என் வேலை கரண்டியால் ஒவ்வொரு சாமானாகத் தட்டிக்கொண்டே போவது. அவள் சொல்லையும் அர்த்தத்தையும் சொல்வாள். சரியா தப்பா என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். தப்பு என்றால் மூக்கைச் சொறிவாள்.

என் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமியாரும் மருமகளும் இன்னா பண்ணிகினு கீறீங்க? எனக்கு டீ யாரு போடுவாங்க?"

"ஏப்பியரி பக்கத்துல டீத்தூள் கீது, போட்டுக்க நைனா" என்றேன்.

"நல்லா கெட்டுப் போயிட்டம்மா நீ" என்றான்.

பரீட்சை ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வந்தது. கிருத்திகை என்றால் எங்கள் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. தெருவெல்லாம் காவடி, மஞ்சள் துணி, மொட்டைத் தலை. எங்கள் வீட்டிலும் நகரியிலிருந்து என் அண்ணன் சம்சாரம் தன் கூட்டத்தோடு வந்திறங்கினாள். வதினா என்று கூப்பிடுவோம். கை சும்மா இருக்காது அவளுக்கு. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோது பக்கத்துக் கட்டில்காரியின் பையைக்கூட மடித்து வைத்தாள்.

கூட்டத்தில் ஏற முடியாது என்று வதினா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாங்கள் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்பினோம். மருமகள் நேராக அடுக்களைக்குப் போனாள், கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று. போனவள் அசையவில்லை.

அரிசி டிரம் பின்கட்டுக்குப் போயிருந்தது. டப்பாக்கள் உயரவாரியாக நின்றன. மிக்ஸி துணி போர்த்திக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தது.

"எப்டி கீது பாரு இப்போ!" என்றாள் வதினா. "குருவிக்கூடு மாதிரி வெச்சிருந்தீங்க."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, ஒண்ணுமே வரல. எல்லாம் போயிடுச்சி."

"பழைய எடத்துல வெச்சிடலாம் வா" என்று டிரம்மைப் பிடித்தேன். அது நகரவில்லை. வந்தவர்களுக்கு இரண்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வதினாவுக்கு மூக்கின் மேல் கோபம். "நான் வெச்சது புடிக்கலன்னா சொல்லிடு, நாங்க இப்பவே பஸ் ஏறிடுறோம்." அவளைச் சமாதானம் பண்ணுவதற்குள் மருமகள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சோறும் வேண்டாம் என்றாள்.

காலையில் ரயிலில் நானும் போனேன். பரீட்சை திருவள்ளூர் பக்கம் ஒரு காலேஜில். ஊர் திரும்புகிற கூட்டம், ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரக்கோணம் வந்ததும் அவள் தோளைத் தொட்டேன்.

"கண்ண மூடு" என்றேன்.

"வேணாம் அத்தை."

"மூடுடீ. வதினா இன்னும் வரல. நாம அடுக்களை வாசல்ல நிக்கிறோம். சோத்தாங்கைப் பக்கம் இன்னா கீது?"

கண்ணை இறுக்கி மூடினாள். "டிரம்மு" என்றாள்.

"இங்கிலீஷுல சொல்லு."

"கிரானரி."

கரண்டி இல்லாததால் கம்பியில் என் வளையலைத் தட்டினேன். தேன் வந்தது, எறும்பு வந்தது, காக்காய் வந்தது. ரயில் மணவூரில் நின்றபோது ஒரு சொல் மாட்டிக்கொண்டது. அலமாரி வரைக்கும் வந்தவள் மூக்கைச் சொறிந்தாள். நான் சொல்லிவிட்டால் அது என் சொல்லாகிவிடும், பரீட்சையில் அவளுக்கு வராது. அதனால் நின்ற இடத்திலேயே கடகடவென்று உடம்பை ஆட்டினேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று, "ஆயாவுக்கு சாமி வந்துடுச்சி, வழி வுடுங்க!" என்றது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவளுக்குச் சொல் கிடைத்தது.

காலேஜ் கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், சில முகங்களைப் பார்க்கவே முடியவில்லை. அவள் எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "எழுதினேன் அத்தை. கேக்காதீங்க" என்றாள். நானும் கேட்கவில்லை. வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ரிசல்ட் வந்த அன்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஏதோ இங்கிலீஷில் படித்தாள், நீளமாக. நாங்கள் படித்ததில் அந்தச் சொல் இல்லை.

"அதுக்கு அர்த்தம் இன்னாமா?" என்றேன். கீரை என் கையிலேயே இருந்தது.

"வேலை கெடைச்சிடுச்சின்னு அர்த்தம் அத்தை."

"இன்னொரு தபா சொல்லு."

அவள் சொன்னாள். நான் மறுபடியும் கேட்டேன்.